பாத்திரம் அடுக்கும் ஓவனில் ஒரு முழு வான்கோழி!



நான் அமெரிக்காவில், நியூ ஜெர்சி மாநிலம் எடிசனில் இருக்கிறேன். புதிதாகக் கல்யாணமாகி இங்கே வரும் பெண்களும், மகள் பிரசவம், மருமகள் பிரசவம் என்று வந்து இறங்கும் அம்மாக்களும் நவம்பர் மாதம் பிறந்தால் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "அந்த வான்கோழியை முழுசா எப்படிம்மா சுடறாங்க? நம்மால முடியுமா?" நான் 2023-ல் முதல்முறையாகச் செய்தேன். அன்றிலிருந்து ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லிச் சொல்லி தொண்டை வறண்டுவிட்டது. அதனால்தான் இந்தக் கடிதம். சைவம் சாப்பிடும் சகோதரிகள் கோபிக்க வேண்டாம். நடுவில் ஒரு பத்திரிகைக்காரப் பெண்மணியின் கதை வருகிறது, அதை மட்டுமாவது படியுங்கள்.

இங்கே நம்மவர்கள் வீட்டில் ஓவன் என்பது என்ன தெரியுமா? பாத்திர அலமாரி! அடுப்புக்குக் கீழேயே பெரிய பெட்டி மாதிரி இருக்கும். தோசைக்கல், வாணலி, இட்லிப் பானை, ஊரிலிருந்து கொண்டுவந்த முறுக்கு அச்சு எல்லாம் அதற்குள்தான் குடியிருக்கும். என் வீட்டிலும் அப்படித்தான். வந்து எட்டு வருடத்தில் அதில் இரண்டு முறை கேக் செய்திருப்பேன், அவ்வளவே.

இதில் நான் இறங்கியதற்குக் காரணம் எங்கள் எதிர்வீட்டுப் பாட்டியம்மா. எண்பது வயது தாண்டியவர், தனியாக இருக்கிறார். மகன் கலிபோர்னியாவில். கல்யாணமான நாளிலிருந்து ஒரு வருடம் விடாமல் வான்கோழி செய்தவர். அதுவரை எங்களுக்கும் ஒரு தட்டு வரும். 2023 செப்டம்பரில் மணிக்கட்டு எலும்பு முறிந்து கட்டுப் போட்டிருந்தார். "ஆறு கிலோவைத் தூக்க என் கையால் ஆகாது, இந்த வருடம் எனக்கு சாண்ட்விச் போதும்" என்று சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. நம் வீட்டில் தீபாவளியன்று பெரியவர் ஒருவர் தனியாக உட்கார்ந்து ரொட்டி தின்றால் விட்டுவிடுவோமா? "நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லுங்கள், நான் செய்கிறேன்" என்று சொல்லிவிட்டேன்.

அதோடு என் கணவரின் அலுவலக நண்பரும் அவர் மனைவியும் வருவதாக ஏற்பாடு. அந்தப் பெண் ஏழு மாத கர்ப்பிணி. ஊருக்குப் போக முடியாத கல்லூரி மாணவர்கள் இரண்டு பேர். நாங்கள் மூவர், பாட்டியம்மா, ஆக எட்டுப் பேர். வயதானவர் ஒருவர், வயிற்றுப்பிள்ளைக்காரி ஒருத்தி. கறி அரைவேக்காடாக இருந்தால் மற்றவர்களுக்கு வயிற்றுப்போக்கோடு போகும், இவர்களுக்கு அப்படியில்லை. எனக்கு ருசியைப் பற்றிக்கூடக் கவலையில்லை, வேகுமா என்பதுதான் கவலை.

ஊரிலிருக்கும் என் மாமியாரிடம் போனில் சொன்னேன். எங்கள் அத்தை மதுரைப் பக்கம், கறி சமைப்பதில் கெட்டிக்காரி. "முழுசா வச்சா உள்ள எப்படிடி வேகும்? வெளிய கருகி உள்ள ரத்தம் நிக்கும். பேசாம துண்டு போட்டு குக்கர்ல வையி" என்றார். சமையல் தெரிந்தவர் கேட்கும் கேள்வி இதுதான்! முழு வான்கோழி சமையலில் இருக்கும் ஒரே சூட்சுமமும் இதுதான்.

அதற்கு முன்னால் அந்தப் பத்திரிகைக்காரப் பெண்மணி கதை. பாட்டியம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும், பிறகு நூலகத்தில் புத்தகம் எடுத்துப் பார்த்தேன். நம் பிள்ளைகள் எல்.கே.ஜி.யில் பாடுமே, மேரியும் ஆட்டுக்குட்டியும், அந்தப் பாட்டை 1830-ல் வெளியிட்ட சாரா ஜோசபா ஹேல் என்பவர்தான் அவர். 1822-ல் கணவர் இறந்துவிட்டார், வளர்க்க வேண்டியது ஐந்து குழந்தைகள். எழுதித்தான் பிழைத்தார். 1837-லிருந்து நாற்பது வருடம் 'கோடீஸ் லேடீஸ் புக்' என்ற பெண்கள் பத்திரிகைக்கு ஆசிரியை. அந்தக் காலத்தில் இந்த 'நன்றி சொல்லும் நாள்' ஒவ்வொரு மாநிலத்திலும் ஒவ்வொரு தேதியில் வந்தது, சில மாநிலங்களில் கிடையவே கிடையாது. நாடு முழுக்க ஒரே நாளில் வேண்டும் என்று இந்த அம்மாள் பத்திரிகையில் வருடா வருடம் எழுதினார். கவர்னர்களுக்கு எழுதினார், ஒன்றன்பின் ஒன்றாக வந்த ஜனாதிபதிகளுக்கும் எழுதினார். கடைசியில் 1863-ல், உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோது, ஆபிரகாம் லிங்கன் நவம்பர் கடைசி வியாழக்கிழமை என்று அறிவித்தார். அப்போது அந்த அம்மாளுக்கு 74 வயது! நவம்பர் நான்காவது வியாழன் என்று சட்டமானது 1941-ல்தான். பெண்கள் பக்கத்துக்குக் கடிதம் எழுதுவதைக் கேலி பேசும் ஆண்கள் உங்கள் வீட்டில் இருந்தால் இதைப் படித்துக் காட்டுங்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. 1621-ல் குடியேறிய ஆங்கிலேயர்களும் இந்த மண்ணின் வாம்பனோவாக் மக்களும் சேர்ந்து விருந்துண்டதிலிருந்து இது தொடங்கியதாகப் பள்ளியில் சொல்லிக் கொடுக்கிறார்கள். பின்னால் அந்த மக்கள் நிலத்தையும் உயிரையும் இழந்தார்கள். அவர்கள் வழிவந்தவர்களும் மற்ற பழங்குடியினரும் 1970-லிருந்து பிளிமத் ஊரில் இதே நாளைத் துக்க நாளாக அனுசரிக்கிறார்கள். என் மகளுக்கு இரண்டையும் சொல்லித்தான் வளர்க்கிறேன். அந்த 1621 விருந்தைப் பற்றிய கடிதத்தில் மான் இறைச்சி இருக்கிறது, பறவைகள் என்று பொதுவாக இருக்கிறது, வான்கோழி என்ற பெயரே இல்லையாம். போகட்டும், பறவைக்கு வருவோம்.

வாங்கும்போதே கணக்குப் போடுங்கள். இங்கே பவுண்டுக் கணக்கு. ஒருவருக்கு ஒரு பவுண்டு, ஒன்றரை பவுண்டு எலும்போடு. எட்டுப் பேருக்கு நான் 14 பவுண்டு, அதாவது ஆறே கால் கிலோவுக்குக் கொஞ்சம் கூட வாங்கினேன். நாலு பேர் மட்டும் என்றால் முழுப் பறவை வேண்டாம், நெஞ்சுக்கறி மட்டும் தனியாக விற்கிறார்கள், அதுவே தாராளம். சில கடைகளில் இத்தனை டாலருக்குச் சாமான் வாங்கினால் வான்கோழி இலவசம் என்று போடுவார்கள். இலவசம் என்று இருபது பவுண்டைத் தூக்கி வந்துவிட்டு எந்தப் பாத்திரத்தில் வைப்பது என்று முழிக்க வேண்டாம்.

கல் மாதிரி உறைந்துதான் கிடைக்கும். இதுதான் முதல் கண்டம். நம்மூர் வழக்கப்படி காலையில் எடுத்து மேடையில் வைத்து, மதியம் சமைக்கலாம் என்று நினைத்தால் நடக்காது. மேல்தோல் இளகி அதில் கிருமி பெருகும், உள்ளே பனிக்கட்டி அப்படியே இருக்கும். பிரிட்ஜிலேயே கீழ்த்தட்டில் வைத்து இளக்க வேண்டும். நாலைந்து பவுண்டுக்கு ஒரு நாள் என்று கணக்கு. வியாழக்கிழமை விருந்துக்கு நான் ஞாயிறு காலையே பிரீசரிலிருந்து இறக்கிவிட்டேன். அடியில் விளிம்பு உயர்ந்த தட்டு கட்டாயம். இல்லையென்றால் அந்தத் தண்ணீர் வழிந்து காய்கறியிலும் இட்லி மாவிலும் இறங்கும். நாள் போதவில்லையென்றால் உறையோடு பச்சைத் தண்ணீரில் முக்கி வைத்து, அரை மணிக்கொரு தரம் தண்ணீர் மாற்ற வேண்டும். பவுண்டுக்கு அரை மணி. 14 பவுண்டுக்கு ஏழு மணி நேரம் தொட்டிப் பக்கத்திலேயே காவல், யாரால் ஆகும்?

அடுத்தது கழுவும் பிரச்னை. இங்கேதான் எனக்கும் பாட்டியம்மாவுக்கும் செல்லச் சண்டை. மஞ்சளும் கல்லுப்பும் போட்டு நாலு தண்ணீர் அலசாமல் கறியைச் சட்டியில் போட நமக்கு மனசு வருமா? அவரோ கழுவவே கூடாது என்கிறார். அவருடைய அம்மா கழுவுவாராம், இவர்தான் விட்டுவிட்டார். காரணம் கேட்டால் சரியாகத்தான் இருக்கிறது. ஆறு கிலோ பறவையைக் குழாயடியில் பிடித்தால் தண்ணீர் நாலு பக்கமும் தெறிக்கும். அதில் இருக்கும் சால்மோனெல்லா போன்ற கிருமி தொட்டி, மேடை, பக்கத்தில் நறுக்கி வைத்த கொத்தமல்லி எல்லாவற்றிலும் ஏறும். கறிக்குள் இருக்கிற கிருமி சூட்டில் செத்துவிடும், பச்சையாகத் தின்கிற வெள்ளரிக்காயில் ஏறினது எப்படிச் சாகும்? 2019-ல் அமெரிக்க விவசாயத் துறை ஆராய்ந்து பார்த்ததில், கோழியைக் கழுவியவர்களில் நூற்றுக்கு 60 பேர் பயன்படுத்திய தொட்டியில் கிருமி இருந்திருக்கிறது. நான் கழுவவில்லை. காகிதத் துவாலையால் உள்ளும் புறமும் ஒற்றி எடுத்துவிட்டு, என் மனசாந்திக்கு மஞ்சளை மசாலாவில் சேர்த்துக்கொண்டேன். அத்தைக்கு மட்டும் இந்த விஷயம் தெரியாது!

ஒற்றும்போது வயிற்றுக்குள்ளும் கழுத்துப் பக்கத்திலும் கைவிட்டுப் பாருங்கள். ஈரல், கல்லீரல், கழுத்து எல்லாம் ஒரு சின்னப் பொட்டலமாக உள்ளே வைத்திருப்பார்கள். பொட்டலத்தோடு வெந்து, மேஜையில் வைத்து வெட்டும்போது வெளியே வந்த வீடுகள் நிறைய உண்டாம். அந்தக் கழுத்துக் கறியை நான் மிளகு போட்டு வறுத்தேன், சமையற்கட்டிலேயே தீர்ந்துபோயிற்று.

மசாலாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வான்கோழிக் கறிக்குத் தனியாகப் பெரிய ருசி கிடையாது என்பது என் அபிப்பிராயம். இங்கத்திக்காரர்கள் உப்பு, மிளகு, வெண்ணெய், இரண்டு வாசனை இலையோடு முடித்துவிடுகிறார்கள். நமக்குப் போதாது. ஆனால் மிளகாய்த்தூளைக் குழைத்து மேலே பூசினால் மூன்று மணி நேரச் சூட்டில் கருகிக் கசந்துவிடும். பாட்டியம்மா சொல்லிக் கொடுத்த வித்தை, தோலுக்கும் நெஞ்சுக்கறிக்கும் நடுவில் விரலை மெதுவாக விட்டால் பை மாதிரித் திறக்கிறது. அந்தப் பைக்குள் மசாலாவை அடைத்துவிட வேண்டும். 150 கிராம் வெண்ணெய், மூன்று டேபிள்ஸ்பூன் இஞ்சி பூண்டு விழுது, இரண்டு டீஸ்பூன் மிளகுத்தூள், ஒரு டீஸ்பூன் சோம்புத்தூள், அரை டீஸ்பூன் மஞ்சள், பொடியாக நறுக்கிய கறிவேப்பிலை ஒரு கைப்பிடி, எலுமிச்சைச் சாறு. முதல் நாள் இரவே அடைத்து, தட்டில் வைத்து மூடி, திரும்பவும் பிரிட்ஜில். மேல்தோலில் எண்ணெய் மட்டும் தடவினேன். உப்புப் போடும் முன் உறையைப் படியுங்கள். பல வான்கோழிகளுக்குக் கடைக்கு வரும் முன்பே உப்புக் கரைசல் ஏற்றியிருப்பார்கள். எழுதியிருந்தால் உங்கள் உப்பைக் குறைத்துவிடுங்கள்.

வயிற்றுக்குள் ரொட்டியை அடைத்து வேகவைக்கும் வழக்கம் ஒன்று உண்டு. பாட்டியம்மாவே இப்போது தனியாகத்தான் செய்கிறார். உள்ளே அடைத்தால் பறவை வெந்தாலும் நடுவில் இருக்கும் ரொட்டிக்குச் சூடு ஏற நேரமாகும், அதற்காகக் காத்திருந்தால் கறி சக்கையாகிவிடும். நான் தனித்தட்டில் செய்தேன். வெங்காயம், செலரி, வெண்ணெய், காய்ந்த ரொட்டித் துண்டு... கிளறும்போதே தெரிந்துவிட்டது, நம் பிரட் உப்புமாவுக்கு இது ஒன்றுவிட்ட அக்கா!

வியாழக்கிழமை காலை. ஓவனிலிருந்து பாத்திரங்களைக் குடிபெயர்த்தாயிற்று. உள்ளே ஒரு சொட்டுப் பழைய எண்ணெய் இல்லாமல் முன்தினமே துடைத்துவிட்டேன். இங்கே மிளகாய் தாளித்தாலே புகை மணி கூரையில் இருந்து அலறும், இதில் பழைய எண்ணெய் வேறு புகைந்தால் தீயணைப்பு வண்டியே வந்துவிடும். கடையில் கிடைக்கும் மெல்லிய அலுமினியத் தட்டு மலிவுதான், ஆனால் ஆறு கிலோவும் கொதிக்கும் நெய்யும் சேர்ந்தால் தூக்கும்போது நடுவில் மடங்கும். அதனால் அடியில் கனமான இரும்புத் தட்டு வைத்து, இரண்டையும் சேர்த்தே தூக்க வேண்டும். தட்டில் கேரட், வெங்காயம் பரப்பி, ஒரு டம்ளர் தண்ணீர் விட்டு, அதன்மேல் நெஞ்சு மேலே பார்க்கப் பறவையை வைத்தேன். ஓவன் சூடு 325 டிகிரி பாரன்ஹீட், நம் கணக்கில் 163 டிகிரி செல்சியஸ். சரியாகப் பத்தரை மணிக்குக் கதவைச் சாத்தினேன்.

இப்போது அத்தை கேட்ட கேள்விக்கு வருகிறேன். நெஞ்சுக்கறி சீக்கிரம் வெந்து உலர்ந்துவிடும். தொடை தடிமன், எலும்பை ஒட்டி மெதுவாகத்தான் வேகும். ஒரே பறவையில் இரண்டு பக்குவம். அதனால் தோல் நன்றாகச் சிவந்தவுடன் நெஞ்சின்மேல் மட்டும் அலுமினியத் தாளைக் குடை மாதிரி போட்டுவிட வேண்டும். தொடை தன்பாட்டுக்கு வேகும். இது முதல் பாதி.

மறுபாதி தெர்மாமீட்டர். கறிக்குள் குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் பத்துப் பதினைந்து டாலருக்குக் கிடைக்கிறது. வேறு எதை வாங்காவிட்டாலும் இதை வாங்கிவிடுங்கள். தொடையின் உட்பக்கம், இறக்கை இடுக்கு, நெஞ்சின் கனமான இடம், மூன்றிலும் எலும்பில் படாமல் குத்தினால் 165 டிகிரி பாரன்ஹீட், அதாவது 74 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். அதற்குக் குறைந்தால் வேகவில்லை என்று அர்த்தம். நிறத்தை நம்பக் கூடாது. வெந்த கறியும் சில சமயம் எலும்போரம் இளஞ்சிவப்பாக இருக்கும், வேகாததும் வெளுத்து இருக்கும்.

பறவையின் நெஞ்சில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பொத்தான் குத்தி விற்கிறார்கள். வெந்ததும் துள்ளி மேலே வருமாம். என் பறவையில் ஒன்றே முக்கால் மணிக்கெல்லாம் துள்ளிவிட்டது. வீடு முழுக்க வாசனை. மாணவர்கள் இருவரும் காலையிலிருந்து பட்டினி போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். என் கணவர் கத்தியோடு வந்து, "அதான் பொத்தான் வந்துடுச்சே, எடுத்துடும்மா" என்கிறார். தெர்மாமீட்டரைத் தொடையில் குத்தினேன், 155. பாட்டியம்மா ஒன்றும் சொல்லவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கர்ப்பிணிப் பெண், "பரவாயில்லக்கா, எனக்குக் கொஞ்சம் நெஞ்சுக்கறி போதும்" என்கிறாள். "பசிச்சா எல்லாரும் ஆளுக்கு ஒரு வடை தின்னுங்க, பறவை இப்ப வராது" என்று சொல்லிக் கதவை மறுபடி சாத்தினேன். விருந்தாளி காத்திருக்க, நம் வீட்டு ஆண்பிள்ளை அவசரப்படுத்த, இல்லை என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும். இரண்டு இருபதுக்கு 165-ஐத் தாண்டியது. மூன்றே முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. அப்போதுதான் பாட்டியம்மா நாற்காலியிலிருந்து எழுந்து, கட்டுப் போடாத கையால் என் முதுகைத் தட்டினார்.

எடுத்தவுடன் வெட்டக் கூடாது. சாறு முழுக்கத் தட்டில் ஓடிவிடும். குறைந்தது இருபது நிமிடம் தாள் போட்டு மூடி வைக்க வேண்டும். அந்த நேரத்தில் தட்டில் இறங்கிய சாற்றில் மேல் நெய்யை வழித்துவிட்டு, மைதா கரைத்து, மிளகு கூட்டிக் கொதிக்கவைத்தால் குழம்பு தயார். வெட்டுவது நம் கோழி வெட்டுவது போலத்தான். முதலில் தொடை மூட்டு, பிறகு இறக்கை, கடைசியில் நெஞ்சுக்கறியை எலும்பிலிருந்து முழுசாகப் பிரித்து, அப்புறம் குறுக்கே வில்லை போட வேண்டும். எட்டுப் பேருக்கும் லெக் பீஸ் வேண்டும் என்றால் பறவைக்கு எங்கே போவது? மாணவர்களுக்குக் கொடுத்துவிட்டேன். கடித்த பிறகுதான் அதில் குச்சி குச்சியாக எத்தனை நரம்பு என்று தெரிந்தது அவர்களுக்கு!

தொட்டுக்கொள்ளக் கிரான்பெர்ரி என்ற சிவப்புப் பழம். நம் களாக்காய் மாதிரி உச்சந்தலையில் ஏறும் புளிப்பு. சர்க்கரை போட்டுப் பாகாக்குவார்கள். நான் பாதியை எடுத்து நல்லெண்ணெய், மிளகாய், வெந்தயம், பெருங்காயம் போட்டுத் தொக்காகக் கிளறினேன். முதலில் தீர்ந்தது அதுதான்.

இதற்கெல்லாம் நாம் மட்டும் பயப்படுகிறோம் என்று நினைக்காதீர்கள். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கும் வருடாவருடம் உதறல்தான். பட்டர்பால் என்ற வான்கோழிக் கம்பெனி 1981-லிருந்து நவம்பர், டிசம்பரில் சந்தேகம் கேட்பதற்கென்றே இலவசத் தொலைபேசி வைத்திருக்கிறது.

மீந்ததை இரண்டு மணி நேரத்துக்குள் எலும்பிலிருந்து பிய்த்து, சின்னச் சின்ன டப்பாவில் பிரிட்ஜில் வைத்துவிடுங்கள். மூன்று நாலு நாளுக்குள் தீர்க்க வேண்டும், இல்லையேல் பிரீசர். என் வீட்டில் வெள்ளிக்கிழமை கொத்து பரோட்டா, சனிக்கிழமை பிரியாணி. எலும்பை மட்டும் குப்பையில் போட்டுவிடாதீர்கள். பெரிய பானையில் தண்ணீர் ஊற்றி இரண்டு மணி நேரம் கொதிக்கவிட்டு வடிகட்டி, மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டு, தக்காளி கரைத்து, நெய்யில் கறிவேப்பிலை தாளித்துக் கொட்டினால் ஜலதோஷத்துக்கு அப்படி ஒரு ரசம். பாட்டியம்மா இரண்டு டம்ளர் குடித்தார். அந்தத் தாளிப்பில் வந்த வாசனை என்ன என்று கேட்டு, என் பெருங்காய டப்பாவை மூக்கருகே கொண்டுபோய், "ஐயோ" என்று தள்ளி வைத்துவிட்டு, மூன்றாவது டம்ளருக்குக் கையை நீட்டினார்.

- ஒரு வாசகி, எடிசன், நியூ ஜெர்சி.